22க்கு அப்புறம்

மலையக நேயர்களுக்கு வணக்கம். வெளியே மழை விட்டபாடில்லை என்றால் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். கை நிறையப் புளியங்கொட்டை இருந்தால் ஓர் ஆட்டம் ஆடலாம்.

இரண்டு பேர் மாறி மாறிக் கொட்டை எடுக்க வேண்டும். எடுப்பது 1, 4, 9, 16 என்று ஒரு சதுர எண்ணாக இருக்க வேண்டும். கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கு வெற்றி.

2 கொட்டை கிடந்தால்? ஒன்றைத்தான் எடுக்கலாம், மிச்சத்தை எதிராளி எடுத்துவிடுவார். ஆக, 2 தோற்கும் எண். 3 என்றால் ஒன்றை எடுத்து அந்த 2ஐ அவர் தலையில் கட்டிவிடலாம். அது வெல்லும் எண். இப்படியே பார்த்துக்கொண்டு போனால் தோற்கும் எண்கள் 0, 2, 5, 7, 10, 12, 15, 17, 20, 22 என்று வரும்.

சாதாரண தர வகுப்பில் இதைக் கொடுத்தால் "அடுத்தது 25, சேர்" என்று உடனே சத்தம் வரும். ஆனால் 25 சதுர எண் ஆயிற்றே, மொத்தத்தையும் ஒரேயடியாக எடுத்துவிடலாம். 27இல் 25ஐ எடுத்து 2ஐ விட்டால் சரி. 23 தொடக்கம் 33 வரை எல்லாமே வெல்லும் எண்கள்! அடுத்த தோற்கும் எண் 34. அதிலிருந்து எதை எடுத்தாலும் மிச்சம் 33, 30, 25, 18, 9 இவற்றில் ஒன்று. ஐந்துமே எதிராளிக்கு வெற்றி. பிறகு 39, 44, 52. ஏன் என்று கேட்காமல், அடுத்த எண்ணைச் சொன்னதுமே புள்ளி போடுவது சரியில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, தோற்கும் எண்கள் ஓரிடத்தில் தீர்ந்துபோகுமா? போகாது. 1966இல் சொலமன் கொலோம்ப் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் இத்தகைய ஆட்டங்களை ஆராய்ந்து எழுதினார். காரணத்தை நாமே கண்டுபிடிக்கலாம். கடைசித் தோற்கும் எண் 52 என்று வைத்துக்கொள்வோம். சதுர எண்களுக்கு இடையிலான இடைவெளி 3, 5, 7 என்று கூடிக்கொண்டே போகிறது. 900க்கு அடுத்த சதுர எண் 961. அப்படியானால் 953இலிருந்து 900ஐ எடுத்தாலும் 53 மிஞ்சும். 52க்கோ அதற்குக் கீழோ இறங்கவே முடியாது. 53 தொடக்கம் 952 வரை எல்லாமே வெல்லும் எண்கள் என்றால், எதை எடுத்தாலும் எதிராளிக்குத்தான் வெற்றி, 953 தோற்கும் எண்ணாகிவிடும். அதனால் 52க்கும் 953க்கும் இடையிலோ 953ஆகவோ இன்னொரு தோற்கும் எண் இருந்தே ஆக வேண்டும். எந்த எண்ணைக் கடைசி என்றாலும் இதே கதிதான்.

ஆனால் போகப்போக அவை அருகிவிடும். இரண்டு தோற்கும் எண்களின் வித்தியாசம் ஒருபோதும் சதுர எண்ணாக வராது. வந்தால், பெரியதிலிருந்து அதை எடுத்துச் சிறியதை எதிராளியின் தலையில் கட்டிவிடலாமே. அப்படிப்பட்ட எந்தத் தொகுதியும் எண்களுக்குள் மிக ஐதாகத்தான் இருக்க முடியும் என்று 1970களின் பிற்பகுதியில் பர்ஸ்டன்பெர்க், சார்கோசி என்ற இரு கணிதவியலாளர்கள் தனித்தனியே நிறுவினார்கள். பெரிய குவியலில் முதலில் எடுப்பவருக்குத்தான் பெரும்பாலும் வெற்றி. எதை எடுப்பது என்று தெரிந்தால்.

நன்றி, வணக்கம்.