பிட்ஸ்டன்காரர்கள்

வணக்கம். அமெரிக்க மாஃபியா என்றாலே நியூயார்க்கும் சிகாகோவும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் பேச வந்தது பென்சில்வேனியாவின் வடகிழக்கில், ஸ்க்ராண்டனுக்கும் வில்க்ஸ்-பேரிக்கும் நடுவே இருக்கும் பிட்ஸ்டன் என்ற சின்ன ஊரைப் பற்றி. அங்கிருந்த கூட்டத்துக்குப் பின்னாளில் புஃபலினோ குடும்பம் என்று பெயர் வந்தது. குடும்பம் என்றால் எல்லோரும் ரத்த உறவு இல்லை, ஆனால் முதலில் வந்தவர்களில் பலர் ஒரே ஊர்க்காரர்கள், சிசிலியில் மொண்டெடோரோ. அங்கே கந்தகச் சுரங்கம், இங்கே வந்தால் நிலக்கரிச் சுரங்கம்.

ஆள்பலத்தில் நியூயார்க் குடும்பங்கள் பக்கத்தில்கூட வர முடியாது. துப்பாக்கியைவிட இவர்களுக்குச் சோறு போட்டது குத்தகைப் பத்திரம்தான் என்று நினைக்கிறேன். பெரிய நிலக்கரிக் கம்பெனிகள் சுரங்கத்தைத் துண்டு துண்டாகச் சின்னக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டன. குத்தகை எடுத்தவன் லாபம் பார்க்க வேண்டுமானால் கூலியிலும் பாதுகாப்பிலும் கை வைக்க வேண்டும், அப்போது தொழிலாளி வாயைத் திறக்காமலும் சங்கம் கண்டுகொள்ளாமலும் இருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் இவர்கள் உள்ளே வந்தார்கள்.

1957 நவம்பர் 14 அன்று இவர்கள் பெயர் நாடு முழுக்க அடிபட்டது. அப்போதைய தலைவர் ஜோசப் பார்பரா, வெளியில் சோடா, குளிர்பான வியாபாரி. நியூயார்க் மாநில எல்லைக்குள் அப்பலாச்சின் என்ற கிராமத்தில் அவருக்கு வீடு. முந்தைய நாள் அவருடைய மகன் ஒரு மோட்டலில் அறைகள் பதிவு செய்ததை எட்கர் க்ராஸ்வெல் என்ற போலீஸ் சார்ஜென்ட் கவனித்துவிட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால் வீட்டைச் சுற்றிலும் பளபளவென்று கார்கள். போலீஸைக் கண்டதும் நாடு முழுவதிலிருந்தும் வந்திருந்த பெரிய மனிதர்கள் கோட்டு சூட்டோடு காட்டுக்குள் ஓடினார்கள். பிடிபட்டவர்களில் பலர் சொன்ன காரணம், பார்பராவுக்கு உடம்பு சரியில்லை, நலம் விசாரிக்க வந்தோம் என்பது. அவருக்கு இதய நோய் இருந்தது உண்மைதான், ஆனால் அறுபது பேருக்கு ஒரே நாளில் அந்த அக்கறை வந்துவிட்டது! சதி வழக்கில் 20 பேருக்குத் தண்டனை கிடைத்து, 1960-இல் மேல்முறையீட்டில் அதுவும் போயிற்று. அப்படி ஓர் அமைப்பே இல்லை என்று சாதித்துவந்த எஃப்பிஐக்குத்தான் தர்மசங்கடம்.

என்னைக் கேட்டால் இந்தக் குடும்பத்தின் கதையில் பெரிய நாள் அது இல்லை. 1959 ஜனவரி 22. பிட்ஸ்டனை ஒட்டிய போர்ட் கிரிஃபித்தில் நாக்ஸ் என்ற குத்தகைக் கம்பெனி சஸ்கெஹான்னா ஆற்றுக்கு அடியிலேயே தோண்டிக்கொண்டு போனது. ஆற்றுக்கும் சுரங்கத்துக்கும் நடுவே 35 அடிப் பாறை விட வேண்டும், இவர்கள் அதைவிட மிகக் குறைவாகவே விட்டார்கள். ஆறு உள்ளே இறங்கிவிட்டது. 81 பேர் உள்ளே, 12 பேர் திரும்பவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை. அமேதியோ பான்கோட்டி என்ற தொழிலாளி கைவிடப்பட்ட காற்றுக்குழி ஒன்றில் சுமார் 50 அடி வெறுங்கையால் ஏறிப் போய் ஆள் கூட்டி வந்ததால் இன்னும் பலர் பிழைத்தார்கள். ஓட்டையை அடைக்க ரயில் பெட்டிகளையே ஆற்றில் தள்ளினார்கள்.

அப்புறம் விசாரணையில் வந்ததுதான் விஷயம். நாக்ஸ் கம்பெனியை ஆரம்பித்த பங்காளிகளில் ஒருவர் ஜான் சியாண்ட்ரா, பார்பராவுக்கு முன்பு இதே குடும்பத்தின் தலைவர். தொழிலாளிக்காகப் பேச வேண்டிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் மாவட்டத் தலைவர் ஆகஸ்ட் லிப்பியும் ரகசியப் பங்காளி. யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

அந்த வட்டாரத்தில் ஆழ்சுரங்கத் தொழில் அத்தோடு ஏறக்குறைய முடிந்தது. ஏற்கெனவே வேலையில்லாத சுரங்கத் தொழிலாளர்களின் மனைவிமார் தையல் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நியூயார்க்கில் வெட்டிய துணி லாரியில் வரும், இங்கே குறைந்த கூலிக்குத் தைத்து அனுப்புவார்கள். பார்பராவுக்குப் பின் தலைவரான ரஸ்ஸல் புஃபலினோவுக்கு அந்தத் தொழிலில் கை இருந்தது. எதிர்த்து நின்றவர் மின் மேத்தசன் என்ற தையல் தொழிலாளர் சங்கத் தலைவி. அவருடைய தம்பி வில் லூரியும் சங்கக்காரர், 1949-இல் நியூயார்க்கில் கொலை செய்யப்பட்டார். அதற்குப் பிறகும் இந்த அம்மா ஊரை விட்டுப் போகவில்லை.

1975-இல் லாரி ஓட்டுநர் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஜிம்மி ஹோஃபா காணாமல் போனதில் புஃபலினோ மேல் சந்தேகம் விழுந்தது, வழக்கு எதுவும் வரவில்லை. அவரைச் சிறைக்கு அனுப்பியது வேறொருவர் வைரம் வாங்கிய 25,000 டாலர் பாக்கி. பாக்கிக்காரரைக் கூப்பிட்டு மிரட்டினார், அந்த ஆள் உடம்பில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. 1977-இல் தீர்ப்பு, 4 ஆண்டு. வெளியே வந்தவர் அதே சாட்சியைக் கொல்லத் திட்டம் போட்ட குற்றத்துக்காக மறுபடி உள்ளே போனார். 1994-இல் 90 வயதில் இறந்தார். அடுத்து வந்த வில்லியம் டீலியா 2008-இல் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் சதி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அரசுத் தரப்போடு ஒத்துழைக்கவும் சம்மதித்தார். அதோடு பிட்ஸ்டன் கடையை மூடியாயிற்று.