கோச்சி வந்த பாதை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

"கோச்சி வந்திட்டுதோ?" என்று ஸ்டேசனில் யாரும் கேட்டால், நாங்கள் தண்டவாளப் பக்கம்தான் எட்டிப் பார்ப்போம். ரயிலுக்கு எங்கட சனம் வைத்த பெயர் அது. சிங்களத்திலும் கோச்சியதான். 'கோச்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் அந்தச் சொல் ஆங்கிலேயருக்கும் சொந்தமில்லை. அது ஓர் ஊரின் பெயர்.

ஹங்கேரியில், வியன்னாவிலிருந்து புடா நகருக்குப் போகும் பழைய வழியில், கொச் என்றொரு கிராமம் இருக்கிறது. கோச் அல்ல, கொச்; குறிலாகத்தான் சொல்வார்கள். 15ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் செய்த வண்டிகள் பாரம் குறைந்தவை, விரைவாக ஓடக்கூடியவை. 'கொச்சி செகேர்' என்றார்கள். கொச் ஊர் வண்டி என்று அர்த்தம். நாளடைவில் வண்டி என்ற சொல் கழன்று விழ, கொச்சி மட்டும் மிஞ்சியது. இன்றும் ஹங்கேரியில் காரைக் கொச்சி என்றும் சொல்வார்கள். எங்கட கொச்சிக்காய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!

பெரிய அரண்மனையுமில்லை, பட்டணமுமில்லை. வண்டி செய்த கைகளின் ஊர். ஸ்பானியர் கோச்சே என்றார்கள், ஜெர்மானியர் குட்ஷ என்றார்கள், 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர் கோச் என்றார்கள். அந்தத் தச்சர்களில் ஒருவருடைய பெயர்கூட எங்கள் வாயில் இல்லை. அவர்களுடைய ஊர் மட்டும் இத்தனை நாட்டார் வாயில் இருக்கிறது. இதை நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷம்தான்.

இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே ஜான் பாமர் என்று ஒருவர், பாத் நகரில் நாடக அரங்கு நடத்தியவர். பிரிஸ்டலிலும் அவருக்கு அரங்கு இருந்தது. நடிகர்களையும் சாமான்களையும் இரண்டு ஊருக்கும் இடையே கோச் வண்டியில் விறுவிறுவென்று அனுப்புவார். தபாலோ, குதிரையில் போகும் பையன்களின் கையில். வழிப்பறி வேறு. பிரிஸ்டலிலிருந்து லண்டன் போய்ச் சேர 38 மணித்தியாலம்கூட எடுக்கும். 'நடிகர் போகிற வேகத்தில் கடிதம் ஏன் போகக்கூடாது?' என்று பாமர் யோசித்தார். தபால் அதிகாரிகள் சம்மதிக்கவில்லை. நிதியமைச்சராகவும் இருந்த பிரதமர் வில்லியம் பிட் ஒத்துக்கொண்டார். செலவு பாமருடையது.

1784 ஆகஸ்ட் 2, பின்னேரம் நாலு மணி. பிரிஸ்டலிலிருந்து தபால் கோச் புறப்பட்டது. அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு லண்டனில் நிற்கிறது. நேயர்களே, 16 மணித்தியாலம்!

பிறகு அது நாடெங்கும் ஓடியது. பின்னால் சிவப்பு அங்கியில் ஒரு காவலர். கையில் துப்பாக்கி, ஊதுகொம்பு, பெட்டிக்குள் பூட்டிய மணிக்கூடு. வழி நெடுகச் சுங்கக் கதவுகள். தபால் வண்டி சுங்கம் கட்டத் தேவையில்லை. தூரத்தில் கொம்புச் சத்தம் கேட்டதும் காவல்காரர் ஓடிவந்து கதவைத் திறந்து வைக்க வேண்டும். சின்ன ஊர்களில் வண்டி நிற்காது, ஓடுகிற போதே தபால் பை கீழே விழும். 'நேரத்துக்கு வருகிற வண்டி' என்ற எண்ணம் ரயிலோடு வந்ததாக நினைக்கிறோம். இல்லை, அது கோச்சோடு வந்தது. பூட்டிய மணிக்கூட்டை மறந்துவிடாதீர்கள்.

ரயில் வந்தபோது பெயரும் தண்டவாளத்தில் ஏறியது. 1830இல் லிவர்பூல் – மான்செஸ்டர் பாதை திறந்தார்கள். அந்தக் காலத்து முதலாம் வகுப்புப் பெட்டியைப் படத்தில் பாருங்கள்: மூன்று கோச் வண்டிகளை ஒரே சட்டத்தில் அடுத்தடுத்து ஒட்டிவைத்த மாதிரி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு. எங்கட ஆட்கள் பெட்டியின் பெயரை முழு ரயிலுக்கும் வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் இப்போது கோச் என்றால் தூரப் பயண பஸ். அமெரிக்காவில் விமானத்தின் சாதாரண வகுப்பு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்கூட இல்லை. டியூசனைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். 1830 வாக்கில் ஒக்ஸ்போர்ட் மாணவர்கள், சோதனையில் தங்களை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிடும் ஆசிரியரை விளையாட்டாகக் கோச் என்றார்கள். விளையாட்டு மைதானத்துக்கு அந்தப் பெயர் 1860களில்தான் போனது. கிரிக்கெட் கோச் எல்லாம் அதற்குப் பிறகு. செய்தி நேரம் வந்துவிட்டது; வணக்கம்.