கோவையில் மூன்று மணி நேரம் இருக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம். கோவையில் ஒரு ஓட்டலில் கன்சியர்ஜ் வேலை பார்க்கிறேன். வெளியூர் விருந்தினருக்கு ஊரைப் பற்றிச் சொல்வது, டாக்சி பிடித்துக் கொடுப்பது, டிக்கெட்டுக்கு வழி பண்ணுவது எல்லாம் எங்கள் மேசையில்தான்.

"பக்கத்துல என்னங்க பார்க்கலாம்?" என்று கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. எவ்வளவு நேரம் இருக்கிறது, கூட யார் வந்திருக்கிறார்கள், திரும்பிப் போகும் ரயில் எத்தனை மணிக்கு என்று முதலில் விசாரிப்பேன். சுற்றிப் பார்ப்பதற்கென்றே கோவைக்கு வருகிறவர்கள் குறைவு. பம்புசெட் ஆர்டருக்கு வருவார்கள், மில் வேலையாக வருவார்கள், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று வருவார்கள், பிள்ளையைக் காலேஜில் சேர்க்க வருவார்கள். அதற்கு நடுவே கிடைக்கிற மூன்று மணி நேரம் வீணாகப் போகக் கூடாது என்பதுதான் என் கவலை.

காலை நேரம் என்றால், யோசிக்காமல் பேரூர் என்பேன். நொய்யல் கரையில் பட்டீஸ்வரர் கோயில். மருதமலை போல ஏற வேண்டியதில்லை, வயதானவர்களும் நிதானமாக நடக்கலாம். கும்பிட்டுவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள், கனகசபை மண்டபத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புகிறேன். யானைத் தோலை உரித்துப் போர்த்தும் சிவன், ஊர்த்துவ தாண்டவர், வீரபத்திரர் என்று தூணுக்குத் தூண் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறார்கள். தலை நிமிர்ந்தால் விதானத்தில் கல்லாலேயே செதுக்கிய சங்கிலி. பிறவாப் புளி, இறவாப் பனை என்கிற மரங்களின் கதையை அங்கேயே யாரிடமாவது கேட்டால் ஆசையாகச் சொல்வார்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் பத்து மணிக்கு முன்னாலேயே கிளம்பிவிட வேண்டும்.

மோட்டார், பம்பு வாங்க வந்தவர்களை அவினாசி சாலையில் இருக்கும் ஜி.டி. நாயுடு காட்சியகத்துக்கு அனுப்புவேன். 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் இந்த ஊரில் உருவானதில் பெரும்பங்கு அவருக்கு உண்டு. தொழில் தெரிந்தவர்கள் அங்கே போனால் சீக்கிரம் வெளியே வருவதில்லை.

அப்புறம் ஊட்டி. "ஏனுங்க, நாளைக்கு மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்குமா?" என்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கேட்பார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணி சுமாருக்குக் கிளம்பும் வண்டி அது. தண்டவாளத்துக்கு நடுவே உள்ள பற்களைப் பல்சக்கரத்தால் பிடித்து வண்டி ஏறுகிற பாதை, 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்யாதவர்களுக்குக் கிடைப்பது கஷ்டம். வீணாக நம்பிக்கை கொடுக்காமல், குன்னூர் வரை காரில் போய் அங்கிருந்து ஊட்டிக்கு ரயில் ஏறப் பாருங்கள் என்பேன். சொந்தக் காரில் போகிறவர்களிடம் இ-பாஸ் எடுத்தாயிற்றா என்றும் கேட்டுவிடுவேன். 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு எந்தப் பஸ் நிலையம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் சாலை, பொள்ளாச்சிக்கு உக்கடம், மதுரைக்கு சிங்காநல்லூர், ஈரோட்டுக்கு காந்திபுரம். மாறிப் போனால் ஒரு மணி நேரம் போய்விடும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் சாப்பிடாமல் யாரும் கொங்கு நாட்டை விட்டுப் போகக் கூடாது. கொள்ளுப் பருப்பு, சந்தகை, ஒப்புட்டு எல்லாம் பெரிய ஓட்டல் மெனுவில் எப்போதும் இருக்காது. அவை கிடைக்கிற சின்ன மெஸ்ஸை நான் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்தவருக்குச் சொல்வேன். சாயங்காலம் தள்ளுவண்டிக் காளான் இளவட்டங்களுக்குப் பிடிக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன், அவர்களுக்கு இட்லியும் ரசமும் போதும்.

கடைகளைப் பொறுத்தவரை எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கமிஷன் தருகிற கடைக்கு ஆளை அனுப்புவது இந்தத் தொழிலில் நடக்கிறது. விருந்தினர் நம்மை நம்பிப் போகிறார், அந்தக் காசு எனக்கு வேண்டாம். கோரா காட்டன் சேலைக்குக் கோ-ஆப்டெக்ஸ் சொல்கிறேன். மேட்டுப்பாளையம் பக்கம் போகிறவர்களுக்கு, மென்பட்டு நெய்கிற சிறுமுகையைச் சொல்கிறேன். அமெரிக்காவுக்கு கிரைண்டர் வாங்கிப் போகிறவர்கள் 110 வோல்ட்டில் ஓடுவதா என்று கேட்டு வாங்க வேண்டும். இங்கே சாதாரணமாக விற்பது நம் வீட்டுக் கரண்டுக்கானது.

கிளம்புகிறவர் கையில் ஒரு சீட்டு கொடுப்பேன். போகிற இடம், பக்கத்து அடையாளம், ஓட்டல் போன் நம்பர் எல்லாம் தமிழில் எழுதியிருக்கும். உங்கள் வீட்டுக்கு வெளிமாநில விருந்தாளி வந்தாலும் இப்படி ஒன்று எழுதிக் கொடுங்கள். ஆட்டோக்காரரிடம் காட்டினால் போதும், கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். நன்றி, வணக்கமுங்க.