முட்டுக்கட்டைக்காரருக்கும் ஒரு கோப்பை

(மாவட்டக் கூடைப்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, பரிசு வழங்க வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, நாற்பது ஆண்டுகளாக இந்த கோர்ட்டில் விசில் ஊதிவரும் எங்கள் பி.டி. மாஸ்டர் அவர்களே, வீராங்கனைகளே, வீரர்களே, பிள்ளைகளுக்காக நான்கு நாளும் வெயிலில் உட்கார்ந்திருந்த பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம். விடியும் முன்பே வந்து கோர்ட்டில் தேங்கிய மழைத் தண்ணீரைத் தள்ளிவிட்ட தம்பிகளின் பெயர் அழைப்பிதழில் இல்லை. அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

நட்சத்திர வீரர் இல்லாமல் ஓர் அணி ஜெயிக்குமா என்பது எனக்குத் தந்த தலைப்பு. ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது, பணத்தைப் பங்கிடுவது என்று மூன்று விஷயம் குறித்துக்கொண்டு வந்தேன். முதலாவதிலிருந்து தொடங்குகிறேன்.

ஊர் கூடித் தேர் இழு என்பார்கள். 2004இல் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதிச் சுற்றில் அதைப் பார்த்தோம். ஒரு பக்கம் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ்: ஷக்கீல் ஓ'நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் என்று நான்கு நட்சத்திரங்கள். மறுபக்கம் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். அவர்களில் அதிகப் பாயிண்ட் எடுத்த ரிச்சர்ட் ஹாமில்டனுக்கே அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 17.6தான். ஆனால் 4-1 என்று ஜெயித்தது பிஸ்டன்ஸ். மூன்றாவது ஆட்டத்தில் அவ்வளவு பெரிய லேக்கர்ஸை 68 பாயிண்டில் நிறுத்திவிட்டார்கள்.

யார் இவர்கள்? சான்சி பில்லப்ஸை முதல் சீசன் முடிவதற்குள்ளேயே பாஸ்டன் அணி வேண்டாமென்று அனுப்பிவிட்டது. அணி அணியாக அலைந்து 2002இல் டெட்ராய்ட் வந்தார். இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. டேஷான் பிரின்ஸ் டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், 23ஆவதாக வந்தவர். ரஷீத் வாலஸ் சீசன் நடுவில், பிப்ரவரியில்தான் சேர்ந்தார். இவர்களையெல்லாம் தேடிப் பிடித்தவர் அணி நிர்வாகத்தின் தலைவர் ஜோ டூமார்ஸ். கோச் லாரி பிரவுன்.

அப்புறம் பென் வாலஸ். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பிள்ளைகள் கேட்க வேண்டும். அலபாமா மாநிலத்தில் வைட் ஹால் என்று ஒரு சிற்றூர். 11 பிள்ளைகள் உள்ள வீட்டில் பத்தாவது பிள்ளை. அப்போது நியூயார்க் நிக்ஸ் அணியில் ஆடிய சார்லஸ் ஓக்லி பயிற்சி முகாம் நடத்துகிறார், கட்டணம் 50 டாலர். பையனிடம் பணம் இல்லை. என்ன செய்தான் தெரியுமா? முடி வெட்டினான். தலைக்கு 3 டாலர். கணக்குப் போடுங்கள், 17 தலை வெட்டினால்தான் 50 சேரும். வெட்டினான், முகாமுக்குப் போனான். அங்கே ஓக்லி அவனைத் தனியே கூப்பிட்டு ஒண்டிக்கு ஒண்டி ஆடிப் பார்த்தார். பையன் பின்வாங்கவில்லை. பிறகு, தான் படித்த வர்ஜீனியா யூனியன் கல்லூரிக்கே அவனை அனுப்பிவைத்தார். 1996 டிராஃப்டில் 58 பேரை எடுத்தார்கள். பதின்மூன்றாவதாகப் போனவர் கோபி பிரையன்ட். 58 பேரிலும் பென் வாலஸ் இல்லை. எட்டு ஆண்டு கழித்து அதே கோபியின் அணியை வீட்டுக்கு அனுப்பிய கடைசி ஆட்டத்தில் அவர் எடுத்த ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடித்தது, 22!

ஊர் கூடித் தேர் இழு என்றேன். எங்கள் ஊர்த் தேரை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில். சக்கரத்தின் அருகே குனிந்தபடி நடக்கிறவர்கள் நாலைந்து பேர், கையில் முட்டுக்கட்டை. வளைவு வந்தால் கட்டையைச் செருகித் தேரைத் திருப்புவதும், ஓடுகிற தேரை நிறுத்துவதும் அவர்கள்தான். கண் சக்கரத்தை விட்டு நகராது. ஒரு நொடி தவறினால் கால் போய்விடும். கூடைப்பந்தில் டிஃபென்ஸ், அதாவது எதிரணியைப் பாயிண்ட் எடுக்கவிடாமல் தடுப்பது, அந்த வேலை.

அதே 2004, இறுதிச் சுற்றுக்கு முந்தைய சுற்று, இண்டியானா அணியோடு இரண்டாவது ஆட்டம். பிஸ்டன்ஸ் இரண்டே பாயிண்ட் முன்னால், மிச்சம் 20 நொடிகூட இல்லை. ரெஜி மில்லர் கையில் பந்து, எதிரே ஆளே இல்லை, சும்மா கூடையில் வைக்க வேண்டியதுதான். டேஷான் பிரின்ஸ் பின்னாலிருந்து ஓடிவந்து எம்பி, அந்த நீளக் கையால் பந்தைத் தட்டிவிட்டு, போன வேகத்தில் பார்வையாளர் வரிசையில் போய் விழுந்தார். ஸ்கோர் பலகையில் அதற்கு ஒரு பாயிண்ட் உண்டா? கிடையாது.

சரி, இனி நம் மேடைக்கு வருகிறேன். இங்கே மேசையில் வெற்றி பெற்ற அணிக்கு ஒரு கோப்பை இருக்கிறது, அதிகப் பாயிண்ட் எடுத்தவருக்கு ஒரு கோப்பை இருக்கிறது. நேற்றைய அரையிறுதியில் சிவப்பு பனியன் போட்ட ஒரு தங்கை, எதிரணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரியை மூன்றாவது குவார்ட்டர் முழுக்க ஒரு பாஸ்கெட்கூடப் போடவிடவில்லை. முட்டி சிராய்த்து ரத்தம் வந்தும் உட்காரவில்லை. அந்தப் பிள்ளை இன்று வெறுங்கையோடு வீட்டுக்குப் போகும். பாயிண்டுக்கு மட்டும் பரிசு கொடுத்தால், பிள்ளைகள் பாயிண்ட்டை மட்டும்தான் துரத்துவார்கள், பந்தைப் பாஸ் பண்ண மாட்டார்கள். மூன்று ஆண்டாக ஒவ்வொரு மேடையிலும் இதைத்தான் கேட்டு வருகிறேன். ஒவ்வொரு போட்டியிலும் சிறந்த டிஃபென்ஸுக்கு ஒரு பரிசு, மேடையில் பெயர் சொல்லி அழைத்து.

நேரம் ஆகிவிட்டது. பயிற்சியும் பணமும் இன்னொரு மேடைக்கு இருக்கட்டும். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது கட்டை போடுகிறவருக்கும் கோவில் மரியாதை உண்டு, தலைவர் அவர்களே. ஒரு கோப்பை வாங்கி வந்திருக்கிறேன். பெயர் பொறிக்கவில்லை. யாருக்கு என்று பி.டி. மாஸ்டர் முடிவு செய்யட்டும். சிறப்பு விருந்தினர் தன் கையால் கொடுக்க வேண்டும்.