கேட்டு வாங்குவதா மொழியுரிமை?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மழையையும் பாராமல் வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

‘இலங்கையில் தமிழ் பேசுவோரின் மொழியுரிமை தேய்வதற்குப் பெரிதும் காரணம் மக்களின் அலட்சியமா, அரச நிர்வாகமா?’ என்பது தலைப்பு. நிர்வாகமே என்று சொல்ல எழுந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கணக்குச் சொன்னார். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அடுத்த ஆண்டு 16ஆவது திருத்தம் அதை நிர்வாக மொழியும் ஆக்கியது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குச் சட்டமும் வந்தது. இலை போட்டுச் சோறும் வைத்தாயிற்று, எடுத்து உண்ணாதவன் மேல்தான் பிழை என்று முடித்தார். கைதட்டல் விழுந்தது. நானும் தட்டினேன், உவமை நன்றாக இருந்தது. இலையில் சோறு இருக்கிறதா என்று மட்டும் அவர் எட்டிப் பார்க்கவில்லை.

என் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒருவன் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். கடமையில் இருந்தவர் நல்ல மனிதர். கதிரை போட்டார், தண்ணீர் கொடுத்தார். அக்கா தமிழில் சொல்லச் சொல்ல, தமக்குப் புரிந்த அளவில் கேட்டு, பெரிய புத்தகத்தில் சிங்களத்தில் எழுதினார். முடிந்ததும் புத்தகத்தைத் திருப்பி வைத்தார், பேனாவை நீட்டினார், கையொப்ப இடத்தை விரலால் காட்டினார். அக்கா கையொப்பமிட்டாள். இரண்டு வாரம் கழித்து, சிங்களம் வாசிக்கத் தெரிந்த நண்பரிடம் பிரதியைக் காட்டினோம். ‘சங்கிலி தொலைந்துவிட்டது’ என்று இருந்தது. அறுத்தவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தத் திருடன் முதலில் தெருவில் தப்பினான், பிறகு புத்தகத்திலும் தப்பினான்.

‘தமிழில் எழுதச் சொல்லி உங்கள் அக்கா ஏன் கேட்கவில்லை?’ என்பார்கள் எதிரணியினர். கேட்டாள், ஐயா. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் விடுமுறையில் போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். அன்று வியாழக்கிழமை. சங்கிலி அடகுக் கடைக்குப் போக அத்தனை நாள் எடுக்குமா?

கருமபீடத்துக்கு அந்தப் பக்கம் முத்திரையும் கோப்பும் இருக்கின்றன. இந்தப் பக்கம் அரைநாள் சம்பளத்தை இழந்து வந்த மனிதர் நிற்கிறார். பின்னால் இருபது பேர் வரிசை. அவரிடம் போய் ‘நீ ஏன் உரிமையைக் கேட்கவில்லை’ என்பதா? சிங்களத்தில் விண்ணப்பம் கொடுப்பவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவருக்குப் படிவம் தானாக வருகிறது.

சரி, துணிந்து கேட்ட ஒருவரையும் பார்ப்போம். கோடீஸ்வரன் என்ற அரச இலிகிதர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. சிங்களத் தேர்ச்சி இல்லை என்று 1962இல் அவருடைய சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றமோ, அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்குத் தொடரவே முடியாது என்று திருப்பி அனுப்பியது. மனிதர் விடவில்லை; அந்நாளில் இலங்கைக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் வரை போனார். வழக்குத் தொடரலாம், மொழிச் சட்டம் செல்லுமா என்பதை இலங்கை நீதிமன்றமே ஆராயட்டும் என்று 1969இல் அங்கே தீர்ப்பு வந்தது. ஆராய்வதற்குள் 1972 அரசியலமைப்பு வந்து, அவர் பிடித்து நின்ற பழைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவையே, ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ பாரபட்சமான சட்டம் கூடாது என்ற பிரிவையே, துடைத்துவிட்டது. கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. எதிரணி நண்பர்களே, இவரிடமா அலட்சியம் இருந்தது? பத்து வருடம் கேட்டார். கேள்வித்தாளையே மாற்றிவிட்டார்கள்!

பழைய கதை என்பீர்கள். 2007இல் அரசே ஒரு சுற்றறிக்கை விட்டது: அவ்வாண்டு யூலைக்குப் பின் சேரும் ஊழியர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும். நல்ல சுற்றறிக்கை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் குறை எந்தப் பக்கம் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது, நம் எதிரணிக்குத்தான் தெரியவில்லை. தேர்ச்சிச் சான்றிதழ் வாங்கியவரெல்லாம் பேசிவிடுகிறார்களா என்பது வேறு கதை. நானும் ஒரு காலத்தில் தட்டச்சுச் சான்றிதழ் வாங்கியவன்தான்.

நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகள் என்று வர்த்தமானியில் இருக்கின்றன. தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து மலை இறங்கி வரும் அம்மாவுக்கு வர்த்தமானியைக் கொண்டு என்ன செய்வது? பிறப்புப் பதிவில் பிள்ளையின் பெயரைப் பிழையில்லாமல் எழுத ஓர் ஆள் வேண்டும்.

அறிவிப்புப் பலகைகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஆசனம் ஒதுக்கினார்கள். ‘தா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘நா’ ஏறிக்கொண்டது. ஊரே சிரித்தது, நாமும் படம் பிடித்துப் பகிர்ந்தோம். அச்சுக்குப் போகும் முன் தமிழ் தெரிந்த ஒருவர் அதைப் பார்க்கவில்லை என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்த ஆசனத்தில் உட்கார்ந்து போனவர்கள் நம் வீட்டுப் பெண்கள்.

எதிரணிச் சகோதரி ஒன்று சொன்னார்: நாமே கையொப்பத்தை ஆங்கிலத்தில்தான் போடுகிறோம். உண்மை, வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். சிங்களம் படியுங்கள் என்றார், அதற்கும் சரி. சந்தையில் சிங்களத்தில் பேரம் பேசி ஐந்து ரூபாய் குறைப்பேன். ஆனால் கத்தரிக்காய் வாங்கும் சிங்களத்தை வைத்துக்கொண்டு வாக்குமூலம் கொடுக்க முடியாது.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். நடுவர் அவர்களே, சற்று நேரத்தில் உங்கள் தீர்ப்பை எழுதுவீர்கள். தமிழில் எழுதுவீர்கள், கையொப்பமிடும் முன் ஒருமுறை வாசித்தும் பார்ப்பீர்கள். என் அக்கா முன்வரிசையில்தான் இருக்கிறாள்.