விலா எலும்பு முறிந்தவரால் இரும முடிகிறதா?

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நடந்த பொது நல நிகழ்ச்சியில் அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தோட்டத்து அண்ணன்மார்களே, தாய்மார்களே, வணக்கம்.

கை முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்துவிடலாம். விலா எலும்புக்கு அந்த வசதி கிடையாது. நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 21,600. நம் சித்தர் மரபு சொல்லும் கணக்கும் அதுவேதான். விலா முறிந்தவர் ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த முறிவை அசைத்தே ஆக வேண்டும்.

இங்கே அது எப்படி முறிகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் மோட்டாரில் வேலைக்குப் போகும்போது லோரி உரசுகிறது. செம்பனைக் குலை மேலிருந்து விழுகிறது. டிராக்டர் சரிவில் கவிழ்கிறது. விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து, "ஒன்றுமில்லை, சும்மா அடிதான்" என்பார். வீட்டில் தைலம் போட்டு உருவிவிடுவார்கள், துணியை இறுக்கிக் கட்டுவார்கள். இரண்டுமே வேண்டாம். உருவினால் முறிந்த முனை நுரையீரலைக் குத்தக்கூடும். கட்டினால் நெஞ்சு விரியாது. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளிலேயே பிளாஸ்திரி ஒட்டிக் கட்டினார்கள். அதை நாங்கள் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது.

ஆபத்து எலும்பில் இல்லை, வலியில் இருக்கிறது. வலித்தால் மூச்சை அரைகுறையாக இழுப்போம், இரும மாட்டோம். சளி அடியில் தங்கும், நிமோனியா வரும். வயதானவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அமெரிக்காவில் சியாட்டல் மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு முறிந்த விலா ஒன்று கூடக்கூட மரண ஆபத்து 19 விழுக்காடும் நிமோனியா ஆபத்து 27 விழுக்காடும் ஏறியது. அதனால் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்பே நான் கேட்பது, "ஐயா, ஒரு தடவை இருமிக் காட்டுங்கள்." எக்ஸ்ரேயில் பல விலா முறிவுகள் தெரியாமலே போகும், சிடி ஸ்கேன்தான் முழுக்கதையையும் சொல்லும்.

சரி, எல்லாருக்கும் ஆப்பரேஷனா? இல்லவே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு நல்ல வலி மருந்து, நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, மூச்சுப் பயிற்சி, சீக்கிரம் எழுந்து நடப்பது, இவை போதும். மூன்று பந்துள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்தால் தயவுசெய்து ஊதாதீர்கள். இழுக்க வேண்டும். பாதிப் பேர் ஊதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அறுவை யாருக்கு? அடுத்தடுத்த மூன்று விலாக்களோ அதற்கு மேலோ, ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் முறிந்தால், நெஞ்சுச் சுவரில் ஒரு துண்டு தனியாகப் பிரிந்து ஆடும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு முழுவதும் விரிய, அந்தத் துண்டு மட்டும் உள்ளே போகும். உலைத் துருத்தியின் தோலில் கிழிசல் விழுந்த மாதிரி. எவ்வளவு அமுக்கினாலும் காற்று சேராது. இவர்களுக்கும், முறிந்த முனைகள் வெகுவாக விலகிப்போய் எந்த வலி மருந்துக்கும் மூச்சு தேறாதவர்களுக்கும்தான் நாங்கள் அறுவையை யோசிப்போம்.

மயக்கம் கொடுத்து, முறிவுக்கு நேராகத் தோலைத் திறந்து, தசையை வெட்டாமல் கூடியவரை விலக்கிப் போவோம். டைட்டானியத் தகட்டை விலாவின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, வெளிப்பக்கமாக வைத்து, முறிவின் இருபுறமும் திருகாணி போடுவோம். ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் நரம்பும் ரத்தக்குழாயும் ஒட்டி ஓடுகின்றன. அதனால் அங்கே கை மிகவும் நிதானமாக இருக்க வேண்டும். எல்லா விலாவுக்கும் தகடு போட மாட்டோம். மேலே முதல் இரண்டையும் கீழே கடைசி இரண்டையும் பொதுவாகத் தொடுவதில்லை. தகடு ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்கலாம், துருப்பிடிக்காது. செய்வதென்றால் முடிந்தவரை முதல் 72 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது. நாள் போகப் போக வீக்கமும் சளியும் வேலையைக் கெடுத்துவிடும்.

பலன் உண்டா என்று கேட்டால் நேர்மையாகச் சொல்கிறேன். 2002இல் ஜப்பானில் 37 பேரை வைத்து நடந்த ஆய்வில், அறுவை செய்தவர்கள் மூச்சு இயந்திரத்திலிருந்து சீக்கிரம் விடுபட்டார்கள், நிமோனியாவும் குறைவு. 2022இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் 207 பேரிடம் நடந்த பெரிய ஆய்விலோ மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே மூச்சு இயந்திரத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. அதனால்தான் ஆள் பார்த்துச் செய்ய வேண்டும் என்கிறேன். தலையில் பலத்த அடியும் இருந்தால் அதைத்தான் முதலில் கவனிப்போம், விலா காத்திருக்கும். "காசு இருக்கு டாக்டர், தகடு போட்டுவிடுங்கள்" என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதுதான்.

அப்புறம் ஒரு விஷயம். வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் வழக்கமான பாதையில் நடந்த விபத்தும், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்தில் வரும். ஸ்கேன் அறிக்கை, அறுவைக் குறிப்பு இரண்டுக்கும் நகல் வாங்கி வையுங்கள், முதலாளியிடம் உடனே தெரிவியுங்கள்.

கேள்விகள் கேட்கலாம். பின் வரிசையில் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கும் பாட்டி முதலில் கேட்கட்டும்.