கை எட்டாத இடத்தில் ஒரு மாத்திரை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஓவியத்தைப் பார்த்துப் பியானோவுக்கு இசையமைப்பது பற்றிக் கதைக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். வன்னியில் பியானோ எங்கே கிடக்குது என்று நீங்கள் சிரிப்பது விளங்குகிறது. கிடக்கிற ஒன்றிரண்டும் கோடை வெக்கையிலும் மாரி ஈரத்திலும் சுருதி விட்டுவிடும். எங்கள் பிள்ளைகளின் கைக்கு வருவது 61 கட்டை ஓர்கன்தான். இன்றைய கதைக்கு அது போதும்.

படத்திலிருந்து இசை எடுப்பது பழைய வேலை. ரஷ்யாவின் முசோர்க்ஸ்கி, இறந்துபோன நண்பர் ஹார்ட்மனின் படங்களை வைத்து 1874இல் பியானோவுக்கு ஒரு தொகுதியே எழுதினார். முட்டை ஓட்டோடு ஆடும் குஞ்சுகளும் அதில் வரும்.

நான் எடுத்தது பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1910இல் முடித்த 'நடனம்'. ஷுகின் என்ற மொஸ்கோ வணிகர் தன் மாளிகைப் படிக்கட்டுக்கென்று கேட்டு வரைவித்த படம். நீல வானம், பச்சை மேடு, சிவந்த உடம்புகள் ஐந்து. வேறொன்றும் இல்லை. ஐவரும் வட்டமாகக் கைகோர்த்து ஆடுகிறார்கள். முன்பக்கத்தில் இரண்டு பேரின் கைகள் மட்டும் எட்டவில்லை. எட்டிப் பிடிக்க ஒருவர் உடம்பையே எறிகிறார்.

இப்படி வேலை செய்பவர்கள் முதலில் நிறத்துக்குத்தான் போவார்கள். நீலம் என்றால் சோகம், சிவப்பு என்றால் வேகம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உடம்பின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். கூத்தாடும் வட்டக்களரியில், கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரைக் கவனித்திருக்கிறீர்களா? அவருடைய கண் ஆட்டக்காரரின் காலில்தான் இருக்கும்.

பியானோவில் கமகம், அதாவது சுரத்தை அசைத்துக் குழைப்பது, வராது என்பது நம் ஆட்களின் நீண்டகால முறைப்பாடு. பாட்டுக்கு அது குறைதான். ஆனால் பியானோவுக்குள் இருப்பது கம்பியை அடிக்கிற சுத்தியல். பாதி மத்தளம் அது. ஆட்டத்துக்கு வேறென்ன வேண்டும்?

கட்டைகளைப் பாருங்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாக நிற்கும். தக, தகிட. ஐந்து மாத்திரை, அதாவது ஐந்து தட்டு, கொண்ட கண்டநடை கண் முன்னாலேயே கிடக்கிறது. ஆடுகிறவர்கள் ஐந்து பேர், 'ஸ' முதல் மேல் 'ஸ' வரையான ஒரு ஸ்தாயிக்குக் கறுப்புக் கட்டையும் ஐந்து. மத்தீஸ் இதையெல்லாம் நினைத்து வரையவில்லை. எனக்கு வசதியாக அமைந்தது, அவ்வளவுதான்.

மூன்று கட்டைக் கூட்டத்தின் முதற்கட்டையை ஸட்ஜமாக, அதாவது ஆதார 'ஸ'வாக, வைத்துக் கறுப்பை மட்டும் வாசித்தால் மோகன ராகம். அந்தக் கூட்டத்தின் கடைசிக் கட்டையை ஸட்ஜமாக்கினால் அதே ஐந்து சுரங்கள் ஹிந்தோளமாகிவிடும். கிரகபேதம் என்று படித்திருப்பீர்கள். நான் ஹிந்தோளத்தில் தொடங்கி, சுற்றுக்கொரு கட்டையாக வலப்பக்கம் நகர்ந்தேன். அடுத்து சுத்த சாவேரி, பிறகு சுத்த தன்யாசி, பிறகு மோகனம். வட்டம் அதேதான், முன்னுக்கு வந்து ஆடுகிறவர்தான் மாறுகிறார்.

ஒரு சிக்கல். இடது கை புதிய ஸட்ஜத்தை விடாமல் ஊன்றவேண்டும். இல்லாவிட்டால் காது பழைய ராகத்திலேயே நின்றுவிடும். ஸட்ஜத்தோடு பஞ்சமமான 'ப'வையும் அமுக்கினேன். ஹிந்தோளத்தில் பஞ்சமம் இல்லாதபடியால் அங்கே மத்திமமான 'ம'. சின்ன விசயம்தான், ஆனால் ஓர்கன் படிக்கிற பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

எட்டாத கைகளை என்ன செய்வது? ஐந்தாவது மாத்திரையில் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். தக தகி, பிறகு ஒன்றுமில்லை. காது அந்த 'ட'வுக்காகப் பாய்கிறது, படத்தில் அந்த ஆள் பாய்வதுபோல. சுற்றுக்குச் சுற்று அந்த மௌனத்தைக் கூட்டினேன். மோகனத்தில் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுத் தாளவட்டம், முழுக்கவே வெறுமை.

அதே ஒழுங்கில் போனால் கடைசிச் சுற்று தானாகவே மத்தியமாவதியில் வந்து விழுகிறது. கச்சேரி முடிக்கிற ராகம்! நான் திட்டமிட்டது ஹிந்தோளத் தொடக்கத்தை மட்டும்தான். முடிவைக் கட்டைகளே பார்த்துக்கொண்டன. அதிலும் கடைசி மாத்திரையை நான் தட்டவில்லை.

கலையகத்தில் ஒரு ஓர்கன் வைத்திருக்கிறார்கள், இப்ப வாசிக்கிறேன். நடுவில் சத்தம் நின்றால் பற்றறி இறங்கிப்போச்சு என்று றேடியோவைத் தட்டாதேங்கோ.